கடித்துக் கடித்து வேகம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் தாடைப் பயிற்சியைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்தேன். முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடங்களில் கோடு போட்டேன். தாடைத் தசைதான் உடம்பிலேயே வலிமையானது, ஆகவே வேகமானதும் அதுவே என்ற வரியில் ஒரு கோடு. ரப்பர் உருண்டையைத் தினமும் அரைமணி நேரம் மென்றால் 'மெதுவான இழைகள் வேகமான இழைகளாக மாறும்' என்ற வரியில் இன்னொன்று. மனிதனுக்குத் தாடைப் புரதம் ஒன்று கெட்டுப்போனதால்தான் மூளை வளர்ந்தது என்று, ஏதோ நேரில் பார்த்தவர் சொல்வதுபோல் முடித்திருந்த இடத்தில் மூன்றாவது.

நான் டாக்டர் இல்லை. வெளியூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில், நோயியல் துறையில் டெக்னீஷியனாக முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது வயது எழுபத்தொன்று. தசை பயாப்ஸி வந்தால் என் மேஜைக்குத்தான் வரும். வெட்டுவது, சாயம் போடுவது, ஸ்லைடில் நம்பர் ஒட்டுவது என் வேலை. பெயர் போட்டு அறிக்கை எழுதுவது வேறு ஆட்கள். ஆனால் லென்ஸ் வழியாக முதலில் பார்ப்பது யார்? சாயம் போட்டவள்தானே. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என்னை எழுத வைத்தது கட்டுரை மட்டும் இல்லை. மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறான், எங்கள் வீட்டில் தங்கி. இரண்டு மாசம் முன்பு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் எலுமிச்சங்காய் அளவில் சிலிக்கான் உருண்டை ஒன்று, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வேறு. "ஆச்சி, இது ஜாலைனுக்கு" என்றான். தாடை எலும்பு முகத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். பாடம் படிக்கும்போதும் வாயில் அது, போன் பார்க்கும்போதும் வாயில் அது. மூன்று வாரம் ஆனது. ஒருநாள் காலையில் தோசையைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. பல் டாக்டர் தாடை மூட்டையும் கன்னத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு உருண்டையை நிறுத்தச் சொன்னார், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பத்து நாள் குழைந்த சோறும் இட்லியும்தான். சரியாகிவிட்டது. உருண்டை டிராயருக்குள் போனது. போன ஞாயிறு உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அதைத் திரும்ப வெளியே எடுத்துவிட்டான். "பேப்பர்லயே போட்டிருக்காங்க, ஆச்சி." இதற்கு நான் என்ன பதில் சொல்வது? உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தசையின் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தசைக்குள் ஆக்டின் என்ற மெல்லிய இழையும் மயோசின் என்ற தடித்த இழையும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. சுருங்கும்போது இரண்டில் எதுவும் குட்டையாவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகிறது, அவ்வளவுதான். 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, ஒரே இதழில் இதைச் சொன்னார்கள். இரண்டு குழுவிலும் ஹக்ஸ்லி என்று ஒருவர் இருந்தார். ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லை. முதன்முதலில் கேட்டபோது பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்றுதான் நான் நினைத்தேன்.

வழுக்குவது எப்படி என்பதற்குக் கிணறுதான் நல்ல உதாரணம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கிணற்றில் ராட்டினம் கிடையாது. கயிற்றைக் கையால்தான் இழுக்க வேண்டும். பிடி, இழு, விடு, அடுத்த கையால் பிடி. குடம் எவ்வளவு சீக்கிரம் மேலே வரும் என்பது இழுக்கும் பலத்தைப் பொறுத்தது என்று தோன்றும். இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை எவ்வளவு சீக்கிரம் பிடியை விட்டு அடுத்த பிடிக்குப் போகிறது என்பதில்தான் வேகம் இருக்கிறது. மயோசின் இழை ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கில் தலைகள். ஒவ்வொரு தலையும் ஆக்டினைப் பிடித்து, இழுத்து, விடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு ஏடிபி செலவு, ஏடிபி என்பது செல்லின் எரிபொருள். பிடியை விடுவதற்கு முன்னால் செலவான ஏடிபியின் மிச்சம் தலையை விட்டுக் கிளம்ப வேண்டும். அது சட்டென்று கிளம்பினால் வேக மயோசின், தங்கித் தங்கிக் கிளம்பினால் மெது மயோசின். மெதுவானது என்றால் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். பிடியை நீண்ட நேரம் வைத்திருப்பதால் குறைந்த செலவில் பாரத்தைத் தாங்கி நிற்கும். எங்கள் பாட்டி அப்படித்தான் இறைப்பாள், மூச்சு வாங்கவே வாங்காது.

பல வகைத் தசைகளிலிருந்து மயோசினைப் பிரித்தெடுத்து, அது ஏடிபியைச் செலவழிக்கும் வேகத்தையும் அந்தத் தசை சுருங்கும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மைக்கேல் பாரனி. 1967இல் வெளியிட்டார். ஒன்று கூடினால் மற்றதும் கூடியது. அதற்குப் பிறகு மயோசினின் கனமான சங்கிலி என்று சொல்லப்படும் பகுதியில்தான் ரகங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது. நம் கை காலில் பெரியவர்களுக்கு மூன்று ரகம்: மெதுவான ஒன்றாம் வகை, வேகமான 2ஏ, அதைவிட வேகமான 2எக்ஸ். ஒற்றைத் தசை இழையை, அதாவது ஒரே ஒரு தசைச் செல்லை எடுத்து அளந்தால் மெது ரகத்துக்கும் 2எக்ஸுக்கும் இடையே வேகம் பல மடங்கு வித்தியாசப்படும். கூடவே இருக்கும் இலகுவான சங்கிலிகளும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். சுருங்கிய தசை தளர்வது வேறு கதை. அது கால்சியத்தைத் திரும்ப உள்ளே இறைக்கும் பம்புப் புரதத்தின் வேலை.

இந்த ரகங்களைக் கண்ணால் பார்க்கும் வித்தைதான் என் பிழைப்பாக இருந்தது. தசைத் துண்டை ஃபார்மலினில் போட்டால் காரியம் கெட்டது, ஏடிபியைச் செலவழிக்கும் நொதி செத்துவிடும். திரவ நைட்ரஜனில் குளிர்ந்த ஐசோபென்டேனில் முக்கி உடனே உறைய வைக்க வேண்டும். கொஞ்சம் மெதுவாக உறைந்தாலும் இழைக்குள் பனிப்படிகம் உண்டாகி, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மைனஸ் இருபது டிகிரியில் வெட்டும் கிரையோஸ்டாட் கருவியில் பத்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஸ்லைடில் எடுத்து, ஒரு வரிசையைப் பிஎச் (அமில-கார அளவு) 9.4 உள்ள பஃபர் கரைசலிலும் இன்னொன்றை 4.6இலும் மற்றொன்றை 4.3இலும் ஊற வைப்போம். அப்புறம் ஏடிபி, கால்சியம், கோபால்ட் குளோரைடு. கடைசியில் அமோனியம் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் சேலையில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். ஆனால் ஸ்லைடைத் தூக்கிப் பார்த்தால் சதுரங்கப் பலகைதான். 9.4இல் வேக இழைகள் கறுப்பு, மெது இழைகள் வெளுப்பு. 4.3இல் அப்படியே தலைகீழ். 4.6இல் வேக இழைகளே இரண்டாகப் பிரியும், ஒன்று வெளுப்பு, ஒன்று சாம்பல்.

ஆயிரக்கணக்கில் தொடைத் தசையும் புஜத் தசையும் பார்த்திருக்கிறேன். 1986இல் ஒருநாள் அறுவை சிகிச்சை அரங்கிலிருந்து ஒரு சின்னத் துண்டு வந்தது. கன்னம் இரண்டும் உப்பித் தாடை சதுரமாகிப்போன ஒருவருக்கு வாய்க்குள்ளிருந்தே மாசட்டர் தசையைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். பற்களைக் கடித்துக்கொண்டு காதுக்கு முன்னால், கன்னத்துக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், கெட்டியாகப் புடைக்குமே, அதுதான் மாசட்டர். வழக்கம்போலச் செய்தேன். லென்ஸில் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சதுரங்கப் பலகையைக் காணோம். கறுப்பு, வெளுப்பு, நடுவில் நாலைந்து விதச் சாம்பல். 9.4இலும் கறுத்து 4.3இலும் கறுத்து நிற்கும் இழைகள் வேறு. இதைவிட விசித்திரம், வேக இழைகளெல்லாம் நூல் மாதிரி சின்னச் சின்னதாக, கொத்துக் கொத்தாக இருந்தன. மெது இழைகள்தான் பருத்து நின்றன. தொடையில் இதற்கு நேர் எதிர் அல்லது சமமாக இருக்கும்.

எங்கள் பேராசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பஃபர் கெட்டுப்போச்சும்மா, மறுபடி போடு" என்றார். புதுசாகக் கரைத்துப் போட்டேன். அதே மாதிரிதான் வந்தது. மூன்றாவது தடவை ஒரு தொடைத் துண்டையும் தாடைத் துண்டையும் ஒரே ஸ்லைடில் அருகருகே வைத்துச் சாயம் போட்டேன். தொடை ஒழுங்காகச் சதுரங்கம் காட்டியது. தாடை அதே கலவரம். அதற்கு மேல் பஃபரைக் குறை சொல்ல முடியாதே. அவர் ஒன்றும் சொல்லாமல் லைப்ரரிக்குப் போனார். மறுநாள் ஒரு நகல் பிரதியோடு வந்தார். சுவீடனின் உமெயோ நகரத்தில் எரிக்சன், தோர்னெல் என்ற இருவர் 1983இலேயே மனித மாசட்டரைப் பார்த்து இதைத்தான் எழுதியிருந்தார்கள். பேராசிரியர் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அந்த ஸ்லைடை அலமாரியில் தனியாக, பஞ்சு வைத்து எடுத்து வைத்தார்.

1988இல் பட்லர்-பிரவுன் என்ற பிரான்ஸ் ஆய்வாளர் அதே சுவீடன்காரர்களோடு சேர்ந்து இன்னும் ஒன்றைக் காட்டினார். கை காலில் பிறந்த கொஞ்ச காலத்தில் மறைந்துவிடும் சிசுப் பருவ மயோசின், பெரியவர்களின் மாசட்டரில் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, இதயத் தசைக்குரிய ஆல்ஃபா ரகமும் தாடையில் வருகிறது என்று மற்றவர்கள் கண்டார்கள். ஒரே இழைக்குள் இரண்டு மூன்று ரகம் கலந்து இருப்பது கை காலில் அபூர்வம், வாயை மூடும் தசைகளில் சகஜம். நான் பார்த்த அந்தச் சாம்பல் நிறங்களுக்கு அர்த்தம் இதுதான். ரகம் கலந்தால் வேகமும் கலக்கும். சுத்த மெதுவிலிருந்து சுத்த வேகம் வரை இரண்டு படி மட்டும் இல்லாமல், சரிவான ஒரு பாதையே கிடைக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் கோர்ஃபாகே, வான் ஐடன் குழுவினர் தாடைத் தசை ஒவ்வொன்றையும் இப்படிப் பிரித்துப் பார்த்து 2005இல் தொகுத்தார்கள். வாயைத் திறக்கும் தசைகளில் இந்தக் கலப்பு குறைவு, வேக இழைகளும் அப்படி ஒல்லி இல்லை. மூடும் தசைகளின் கதைதான் தனி.

ஏன் இப்படி என்று கேட்டால், அந்தத் தசைகளின் நாள் முழுக்க நடக்கும் வேலையைப் பாருங்கள். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் கீழ்த்தாடை தொங்கவில்லை அல்லவா? யாரோ லேசாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். பேசும்போது துல்லியமாக, நொடியில் பல தடவை அசைக்க வேண்டும். சோறு மெல்லும்போது நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. வறுத்த புளியங்கொட்டையைக் கடிக்க முழு பலமும் வேண்டும். தலைச் சுமை தூக்குகிற ஆளையும் பூக்கட்டுகிற ஆளையும் ஒரே வேலைக்கு அமர்த்தினது மாதிரி.

இனி முதல் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். ஓர் இழை எவ்வளவு பலமாக இழுக்கும் என்பது அதன் குறுக்கு வெட்டின் பருமனைப் பொறுத்தது. மாசட்டரில் பருத்திருப்பவை மெது இழைகள். அப்படியென்றால் கடியின் பலத்தில் பெரும் பங்கு மெது இழைகளுடையதுதான். அது போக, இழைகள் சாய்வாக அடுக்கப்பட்டிருப்பதால் சின்ன இடத்தில் நிறைய இழை. தசை பிடித்திருக்கும் இடம் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் இருப்பதால் நெம்புகோல் லாபம். 1986இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் 442 கிலோ பலத்தில் கடித்துக் காட்டியதாகச் சாதனைப் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதைத்தான் மனத்தில் வைத்திருப்பார் போல. சுமார் இரண்டு நொடி அவர் அப்படியே கடித்துப் பிடித்திருந்தார். அந்த இரண்டு நொடியில் தாடை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பலம் உச்சத்தில் இருக்கும்போது வேகம் பூஜ்யம். வேகம் கூடக் கூடப் பலம் குறையும். ஏ.வி. ஹில் என்பவர் தவளைத் தசையில் 1938இல் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார். வலிமையானது, ஆகவே வேகமானது என்று எழுதினால் அவர் கணக்கைத் தலைகீழாக எழுதினதாகும்.

இந்தக் கணக்கு உங்கள் பல்லைத் தினமும் காப்பாற்றுகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை செய்கிறோம். கல் மாதிரி ஒன்று மாட்டும். கடைவாயில் வைத்து அழுத்து அழுத்து என்று அழுத்துகிறீர்கள், டப்பென்று உடைகிறது. அவ்வளவு பலத்தில் அழுத்திக்கொண்டிருந்த தாடை, தடை போனதும் மேல்பல்லில் போய் மோதிப் பல் சிதற வேண்டும். மோதுவதில்லை, மோதினாலும் லேசாக. சீடை உடைந்த செய்தி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போய், நிறுத்து என்ற உத்தரவு திரும்பி வந்து, தசை தளர்வதற்குள் பல் பல்லைத் தொட்டிருக்கும். அதற்கு முன்பே மயோசின் கைகொடுக்கிறது. தாடை வேகமெடுத்த அந்தக் கணமே, தலைகள் பிடித்து இழுக்க நேரமில்லாமல் பலம் தானாக விழுந்துவிடுகிறது. மெதுவாகப் பிடியை விடும் ரகத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், நகரும் கயிற்றைப் பழைய பிடிகளே பின்னால் இழுக்கும். கயிறு அறுந்து குடம் லேசானதும் வேகமாக இழுக்கப் பார்த்தால் கை தடுமாறுமே, அதே கதைதான். மெது இழைகள் பருத்திருப்பதைக் குறையாக எண்ணி 'வேகமாக்க'ச் சொல்கிறவர்கள் ஒரு சீடையைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இரண்டாவது கோடுதான் எனக்கு அதிகக் கோபம் வந்த இடம். நிறைய வேலை கொடுத்தால் மெது இழை வேக இழையாகும் என்பது நடப்பதற்கு நேர் எதிர். கை காலில் பளு தூக்கிப் பழகியவர்களிடம் பார்த்தது என்ன? அதிவேக 2எக்ஸ் ரகம் குறைந்து 2ஏ கூடுகிறது. அதாவது வேகம் ஒரு படி இறங்கித் தாக்குப்பிடிப்பு ஒரு படி ஏறுகிறது. பயிற்சியை விட்டால் 2எக்ஸ் திரும்ப வருகிறது. எலிகளுக்குக் கெட்டித் தீனிக்குப் பதிலாகக் கூழ்த் தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். மெல்லும் வேலை குறைந்த மாசட்டரில் அதிவேக ரகங்கள் கூடின. வேலை செய்யாத தசைதான் வேகத்தின் பக்கம் சாய்கிறது, உழைக்கிற தசை நிதானத்தின் பக்கம் போகிறது. உருண்டையை மென்றால் தசை பருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. என் மேஜைக்கு வந்த அந்த மனிதரின் கன்னமும் பருத்துத்தான் இருந்தது. அதைக் குறைக்கத்தான் கத்தி வைத்தார்கள்.

வயதானவர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. மூப்பில் புஜத் தசை ஒரு பக்கம் மாறினால் மாசட்டர் மறுபக்கம் மாறுகிறது என்று உமெயோகாரர்களே பிறகு காட்டினார்கள். வயதானவர்களின் மாசட்டரில் மெது மயோசின் குறைந்து வேக ரகமும் சிசு ரகமும் கூடியிருந்தன. எனக்குக் கீழ்வரிசை முழுக்கப் பல்செட். பனங்கிழங்கை வேகவைத்து நார் உரித்து மகள் கையில் கொடுத்தால், முன்பு போல் ஓரத்தில் வைத்து இழுக்க முடிவதில்லை, செட் கழன்று வருகிறது. பலம் போய்விட்டது. ஆனால் உள்ளே என் தாடை எழுபத்தொரு வயதில் வேகமாகிக்கொண்டிருக்கிறதாம். உங்கள் கட்டுரையாளரின் பாஷையில் சொன்னால் நான் நல்ல உடற்பயிற்சியில் இருக்கிறேன்.

மூன்றாவது கோடு. அதில் பாதி உண்மை இருப்பதால் நிதானமாகச் சொல்கிறேன். நாய், பூனை, குரங்கு இவற்றின் மெல்லும் தசைகளில் தாடைக்கென்றே ஒரு தனி மயோசின் உண்டு. 1981இல் பூனையின் தாடையில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மயோசினுக்கான மரபணு, எம்ஒய்எச்16, நமக்கும் ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது, ஆனால் இரண்டே எழுத்து விழுந்துபோய் வாக்கியமே குழம்பிக் கிடக்கிறது. புரதம் உண்டாவதில்லை. பென்சில்வேனியாவில் ஸ்டெட்மன் என்பவர் குழு 2004இல் இதை வெளியிட்டது. ஏறத்தாழ 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இது நடந்தது, தாடைத் தசை சிறுத்தது, மண்டை ஓட்டின் மேல் இழுப்புக் குறைந்தது, மூளை பெருக வழி பிறந்திருக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். 'இருக்கலாம்' என்ற சொல்லை உங்கள் கட்டுரை விழுங்கிவிட்டது. அடுத்த வருஷமே வேறொரு குழு அதே மரபணுவை இன்னும் நீளமாகப் படித்து, இது 53 லட்சம் ஆண்டு பழசு என்றது. அப்படியென்றால் மூளை பெருகத் தொடங்கியதற்கு வெகு காலம் முன்பே நடந்த விஷயம். புரதம் இல்லை என்பது உறுதி. மூளைக் கதை அப்படி இல்லை.

அந்தப் புரதம் இருந்தால் என்ன ஆகும் என்பதை எதிர்வீட்டில் பார்த்தேன். அவர்களுடைய அல்சேஷன் நாய் திடீரென்று சாப்பிட மறுத்தது. நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் வீங்கி, வாயைப் பிடித்துத் திறக்கப் போனால் ஊளையிட்டது. கால்களில் ஒரு குறையும் இல்லை, கேட்டைத் தாண்டிக் குதித்தது. கால்நடை மருத்துவர் பார்த்த உடனே புரிந்துகொண்டார். நாய்களின் மெல்லும் தசையில் மட்டும் இருக்கும் 2எம் என்ற அந்த மயோசினையே உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய் இது. காலில் அந்தப் புரதம் இல்லை, அதனால் கால் தப்பியது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தயிர்சாதத்தில் பிசைந்து, ஸ்பூனால் கன்னத்தோரம் ஊட்டினார்கள். மூன்றாம் வாரம் வாய் திறந்தது. ஒரே உடம்பில் இருக்கும் தசை, ஒரு புரதம் மாறினால் எப்படி வேறு தசையாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நேரடியாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டத்தான் செய்வீர்கள். கிணற்றையும் நாயையும் வெட்டிக்கொள்ளுங்கள். எலிக் கூழ்த் தீனியையும் பயிற்சியையும் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள். அது அச்சில் வந்தால்தான் என் பேரனிடம் காட்ட முடியும். நான் வாயால் சொன்னால் "ஆச்சி, நீங்க ஸ்லைடுதானே பாத்தீங்க" என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட டெக்னீஷியன் (பெயர் வேண்டாம்),
பாளையங்கோட்டை.

பின்குறிப்பு: கட்டுரையோடு போட்ட படத்தில் 'மெல்லும் தசை' என்று அம்புக்குறி காட்டுவது மாசட்டரை இல்லை, பக்சினேட்டரை. கன்னத்துச் சுவராக இருந்து சோற்றைப் பல்லுக்கு நடுவே தள்ளிக் கொடுக்கும் தசை அது. அதற்கு நரம்புகூட வேறு. திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள்.